டயாலிசிஸ் செய்பவரின் தட்டு ஏன் காலியாகிறது?

கிட்னி பழுதாகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றிய பேச்செல்லாம் ‘கூடாது’ என்றே முடியும். முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது, பழம் கூடாது, தண்ணீரும் அளவோடுதான். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு இதில் பாதிக்குக் காரணம் இருந்தது. புரதம் செரித்த பின் மிஞ்சும் கழிவை வெளியே தள்ளப் பழுதான சிறுநீரகம் திணறும். அதனால் புரதத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டப் பார்ப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.6 கிராம் அளவுக்குக்கூடப் புரதத்தைக் குறைக்கச் சொல்வதுண்டு.

டயாலிசிஸ் தொடங்கியதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. நேற்று வரை குறைத்துச் சாப்பிட்டதை இன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டும்.

இந்த மாற்றம் மருத்துவமனையிலிருந்து வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்வதில்லை. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவிமார்களிடமும் மகள்களிடமும் பேசிப் பார்த்தால், முதன்முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியபோது எழுதிக் கொடுத்த சீட்டைத்தான் இன்னமும் கடைப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதோடு பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, சொந்தக்காரர் போனில் அனுப்பியது எல்லாம் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கழித்தால் தட்டில் மிஞ்சுவது கொஞ்சம் ரசம் சோறும் சுரைக்காய்ப் பொரியலும்தான். பொட்டாசியத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு பயப்படுகிறோமோ, அதே அளவுக்கு இந்த அரைப்பட்டினிக்கும் பயப்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மெஷின் எடுத்துக்கொள்வது

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் வேலை பார்க்கிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்தால் மொத்தம் 12 மணி நேரம். தூரம், செலவு, இடமின்மை என்று வாரம் இரண்டோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு எட்டே மணி நேரம்தான். அந்த நேரத்தில் ரத்தம் டயாலைசர் குழலுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் வழியே ஓடுகிறது. இழைகளுக்கு வெளிப்புறம் எதிர்த் திசையில் ஓடும் திரவம் நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர். யூரியா, பொட்டாசியம், பாஸ்பரஸ் போன்றவை இழையின் நுண்துளைகள் வழியாக அந்தத் திரவத்துக்குப் போய்விடும்.

வேண்டியது எது, வேண்டாதது எது என்று அந்த இழைக்குத் தெரியாது. தசை கட்டத் தேவையான அமினோ அமிலங்களும் ஒவ்வொரு முறையும் 6 முதல் 12 கிராம் வரை சேர்ந்தே போகின்றன. பி வகை வைட்டமின்களும் வைட்டமின் சியும் அப்படித்தான். இது போதாதென்று ரத்தம் செயற்கை இழையில் உரசி ஓடுவதே உடலுக்குள் ஓர் அழற்சியைக் கிளப்புகிறது. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடினால் தசை இன்னும் வேகமாகக் கரைகிறது. கழுத்தில் போட்ட குழாயில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்படிச் சதையும் சக்தியும் சேர்ந்து கரைந்துபோகும் நிலைக்கு, சிறுநீரக ஊட்டச்சத்து வல்லுநர்களின் சர்வதேசச் சங்கம் 2008-இல் ‘புரத ஆற்றல் நலிவு’ என்ற பொருளில் பெயர் வைத்து, அடையாளங்களையும் வகுத்தது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 100 மில்லிக்கு 3.8 கிராமுக்குக் கீழே போவதும், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 23-க்குக் கீழே போவதும் அவற்றில் இரண்டு. மற்றவர்களுக்கு 23 என்பது நல்ல அளவு. டயாலிசிஸில் இருப்பவருக்கு மட்டும் அதற்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். சற்றுப் பூசினாற்போல் இருக்கும் டயாலிசிஸ் நோயாளிகள் ஒல்லியானவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்.

நம் பக்கத்துக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. சர்க்கரை நோயோ வேறு தெரிந்த காரணமோ இல்லாமல் சிறுநீரகம் பழுதாகி வருபவர்கள் புதுச்சேரியிலும் அதை ஒட்டிய தமிழக மாவட்டங்களிலும் நிறையப் பேர் இருப்பதைக் கவனித்த ஜிப்மர் மருத்துவர்கள், 2020-இல் அதற்குத் ‘தொண்டைமண்டல நெஃப்ரோபதி’ (நெஃப்ரோபதி என்றால் சிறுநீரக நோய்) என்றே பெயரிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வெயிலில் வயல்வேலை பார்த்த உடம்புகள் இதில் அதிகம். அவை டயாலிசிஸுக்கு வரும்போதே ஒல்லியாக வருகின்றன. கரைவதற்கு அங்கே கையிருப்பு கிடையாது.

கரைவது கண்ணுக்குத் தெரியாது

டயாலிசிஸ் அறை வாசலில் எடை பார்க்கும் மெஷின் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றதும் டெக்னீஷியன் எட்டிப் பார்த்து நோட்டில் எழுதுவார். “ஐயா, ஐம்பதரை. ரெண்டரை கிலோ ஏறியிருக்கு. தண்ணி நிறையக் குடிச்சிட்டீங்களா?” அவருடைய ட்ரை வெயிட் 48 கிலோ. உடம்பில் மிகுதித் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை அது. நான்கு மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீரை எடுத்து, மறுபடி 48-க்குக் கொண்டுவந்து அனுப்புவார்கள்.

மூன்று மாதம் கழித்தும் அதே நோட்டில் அதே 48 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாகப் போகிறது என்றுதான் தோன்றும். ஆனால் இந்த மூன்று மாதத்தில் அவர் இரண்டு கிலோ சதையை இழந்திருந்தால், உண்மையான ட்ரை வெயிட் இப்போது 46. மெஷினை விட்டு இறங்கும்போதும் இரண்டு லிட்டர் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. கால் வீக்கம் வடியாது, பிரஷர் இறங்காது, ராத்திரி படுத்தால் மூச்சு வாங்கும். வீட்டில் உள்ளவர்கள் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். சாப்பாட்டையும் குறைப்பார்கள். சதை இன்னும் கரையும்.

ரத்தப் பரிசோதனையும் இதே மாதிரி ஏமாற்றும். நம் ஊரில் ‘உப்பு எவ்வளவு இருக்கு’ என்று கேட்பார்கள். கேட்பது கிரியேட்டினினைத்தான். போன மாதம் 10 இருந்தது, இந்த மாதம் 7 என்றால் வீடே சந்தோஷப்படும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. டயாலிசிஸ் அதேபோல் நடந்துகொண்டிருக்க, டயாலிசிஸுக்கு முன் எடுக்கும் அளவு மட்டும் மாதாமாதம் குறைந்துவந்தால், பெரும்பாலும் தசை குறைகிறது என்று பொருள். யூரியா, பாஸ்பரஸ், கொலஸ்ட்ரால் எல்லாம் ஒருசேரக் குறைந்துகொண்டே போனாலும், அந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லையோ என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை ஏறவே இல்லை என்பதும்கூட எப்போதும் பாராட்டத்தக்கதல்ல. சாப்பிடாதவருக்கு எடை ஏறாது.

அப்படியானால் வீட்டில் எதைப் பார்ப்பது? நெற்றிப்பொட்டு குழிவது, காறை எலும்பு துருத்துவது, வளையல் முழங்கை வரை ஏறுவது, சட்டைத் தோள் தொங்குவது, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாதது. முகத்தில் தண்ணீர் கோத்து உப்பியிருந்தாலும் மேற்கையைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாப்பாடு எங்கே தவறுகிறது

பயம் ஒரு காரணம் என்றால், டயாலிசிஸ் நாளின் அலைச்சல் இன்னொன்று. காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ வர வேண்டியவர், காலை ஷிஃப்ட் என்றால் விடியுமுன்னே பஸ் ஏற வேண்டும். வயிற்றில் ஒரு டீ. நான்கு மணி நேரம் படுத்து எழுந்ததும் தலை கிறுகிறுக்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். வழியில் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு வீடு சேர்ந்ததும் படுத்துவிடுவார். ராத்திரி எழுப்பினாலும் வேண்டாம் என்பார். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால், சத்து அதிகமாக வெளியேறும் அதே நாட்களில்தான் சாப்பாடும் மிகக் குறைவாக உள்ளே போகிறது.

அதனால் டயாலிசிஸ் நாளுக்கென்று தனியாகச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுப்பதை வீட்டில் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இட்லியும் இரண்டு அவித்த முட்டை வெள்ளைக்கருவும் போதும், ஆனால் தவறக்கூடாது. மெஷினில் இருக்கும்போது சாப்பிட்டால் சிலருக்கு ரத்தம் குடல் பக்கம் போய் பிரஷர் இறங்கும். அப்படிப்பட்டவர்கள் முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை முடிந்ததும் சாப்பிடலாம். அந்தத் தொந்தரவு இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நடுவிலேயே கொஞ்சம் சாப்பிடலாம்.

வாய்க் கசப்பு, குமட்டல், மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாம் பசியைக் கெடுக்கும். இவற்றை டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு. சொல்லாமல் பொறுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம், அவர்களில் பெண்கள் இன்னும் அதிகம். வீட்டு ஆண்பிள்ளைக்கு கிட்னி போனால் அவருக்கென்று தனிச் சமையல் நடக்கிறது. அம்மாவுக்குப் போனால், அவரே எல்லோருக்கும் சமைத்துவிட்டு கடைசியில் உட்கார்ந்து, இருந்த மீன் துண்டைப் பேரனுக்கு வைத்துவிட்டேன் என்கிறார். டயாலிசிஸ் செய்யும் பெண்ணின் பங்கு முட்டையும் மீனும் முதலிலேயே எடுத்து வைக்கப்பட வேண்டும். அவற்றை அவருடைய மருந்தாகத்தான் வீடு கணக்கில் கொள்ள வேண்டும்.

50 கிலோ மனிதருக்கு ஒரு நாள்

50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் வரை புரதம் தேவை. நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே கணக்குப் போடலாம். காலையில் மூன்று இட்லி 6 கிராம். நாள் முழுவதற்கும் 200 கிராம் அரிசியை வடித்த சோறு 16. ஒரு கரண்டிச் சாம்பாரில் 25 கிராம் பருப்பு என்றால் 5. மதியம் 100 கிராம் மீன் 18. மூன்று முட்டையின் வெள்ளைக்கரு 11. அரைக் கிண்ணம் தயிர் 3. கூட்டினால் 59. இதிலிருந்து மீனையும் முட்டையையும் எடுத்துவிட்டால் 30 தான் மிஞ்சும். ‘கூடாது’ என்று சொல்லி எடுத்துவிடுவது அந்த இரண்டையும்தான்.

மருத்துவர்கள் மீனுக்கும் கறிக்கும் தயங்குவது பெரும்பாலும் பாஸ்பரஸை நினைத்து. டயாலிசிஸ் பாஸ்பரஸை ஓரளவுக்குத்தான் எடுக்கும். தேங்கினால் உடம்பெல்லாம் அரிக்கும், எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும். இங்கேதான் முட்டையின் வெள்ளைக்கரு கைகொடுக்கிறது. ஒரு வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் வெறும் 5 மில்லிகிராம். முழு முட்டையில் 6 கிராம் புரதத்தோடு 90 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் வரும். அதற்காக மஞ்சள்கருவை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. தினம் மூன்று வெள்ளைக்கரு, அவ்வப்போது ஒரு முழு முட்டை என்பது பலருக்கும் ஒத்துவரும்.

மீனில் வஞ்சிரம், சங்கரா, பாறை போன்றவற்றை முள் நீக்கிச் சாப்பிடலாம். நெத்திலியை முள்ளோடு மெல்லுவோம், அதில் பாஸ்பரஸ் கூடுதலாகச் சேரும். பருப்பில் பாஸ்பரஸ் அதிகம் என்று அட்டவணையில் இருக்கும். ஆனால் தானியத்திலும் பருப்பிலும் இருப்பது பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடப்பதால் பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். பாக்கெட் உணவிலும் கறுப்பு நிறக் குளிர்பானத்திலும் சேர்க்கும் பாஸ்பேட் அப்படியில்லை, ஏறக்குறைய முழுதாகவே ரத்தத்தில் ஏறிவிடும். எனவே சாம்பாரை நிறுத்திவிட்டு பாக்கெட் பிஸ்கட்டும் கோலாவும் சாப்பிடுவது நேர் எதிரான வேலை. பாஸ்பரஸுக்குக் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். அது வயிற்றுக்குள் உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

புரதம் மட்டும் போதாது. மாவும் கொழுப்பும் தேவையான அளவு இல்லாவிட்டால், சாப்பிட்ட புரதத்தையே உடம்பு எரிபொருளாக்கிவிடும். அடுப்பெரிக்க வீட்டுக் கதவைப் பிடுங்குவது போன்றது அது. கிலோவுக்கு 25 முதல் 35 கலோரி வேண்டும், 50 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 1,500. வெள்ளைச் சோறு இங்கே எதிரி அல்ல. ‘சிறுதானியம் நல்லது’ என்று கேட்டுக் கேட்டு, டயாலிசிஸில் இருப்பவருக்கும் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி கொடுக்கிறார்கள். பொட்டாசியமும் பாஸ்பரஸும் அவற்றில் தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு அதிகம். சமையலெண்ணெயில் இவை இரண்டுமே கிடையாது, ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது. இளைத்துவிட்டவருக்கு இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றலாம், பொடியில் உப்பு குறைவாக இருக்கட்டும். சர்க்கரை நோயும் சேர்ந்தவருக்குச் சோற்றின் அளவை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் தாழ்சர்க்கரை வரும். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் இன்சுலின் நெடுநேரம் தங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

சித்திரை, வைகாசி

நம் கடற்கரையில் ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சோதிக்கும் காலம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலூர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகில் வரும் மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் குழம்புச் சட்டியில் மீனுக்குப் பதில் கருவாடு விழும். பண்ருட்டிப் பலா வந்து குவிவதும் இதே காலத்தில்தான். கத்திரி வெயிலும் இதே காலம். ஒரே நேரத்தில் புரதம் குறைகிறது, உப்பு ஏறுகிறது, பொட்டாசியம் ஏறுகிறது, தாகமும் ஏறுகிறது.

பலாவிலிருந்து தொடங்கலாம். 100 கிராம் சுளையில் 300 முதல் 450 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கும். மூன்று நான்கு சுளையிலேயே 100 கிராம் ஆகிவிடும், பண்ருட்டிக்காரர் யாரும் மூன்று சுளையோடு நிறுத்துவதில்லை. கொட்டையிலும் பொட்டாசியம் உண்டு. முந்திரியிலோ பொட்டாசியத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்து வரும், 100 கிராமுக்கு 450 மில்லிகிராமுக்கு மேல். கடலூர், புதுச்சேரி சாலையோரத்தில் குவித்திருக்கும் இளநீர் ஒன்றில் அரை கிராமோ அதற்கு மேலோ பொட்டாசியம் இருக்கும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று ஆசையாக வாங்கிக் கொடுப்பது இதைத்தான். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லும் அளவே 2,000 முதல் 3,000 மில்லிகிராம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பஞ்சாறு என்று மாறுவதும் பொட்டாசியத்தைக் கூட்டும் வேலைதான்.

ரத்தத்தில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டிப் போகும்போது பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. சிலருக்குக் கைகால் மரத்துப் போகும், கால் துவளும். பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். ஆபத்து மிகுந்த நேரம் நீண்ட இடைவெளியின் கடைசி நாள். திங்கள், புதன், வெள்ளி என்றாலும் சரி, செவ்வாய், வியாழன், சனி என்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை அந்த இடைவெளிக்குள்தான் வரும். நம் வீட்டில் கறிக்குழம்பு, விருந்து, உறவினர் வருகை எல்லாமே ஞாயிற்றுக்கிழமை. வாரம் இரண்டு முறை மட்டும் செய்பவர்களுக்கு இடைவெளி இன்னும் நீளம், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கட்டுப்பாடு இரட்டிப்பாக இருக்க வேண்டும். பலாச்சுளையை வாழ்நாள் முழுக்க மறந்துவிட வேண்டுமா என்று கேட்டால், மாத ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கட்டுக்குள் இருப்பவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு சுளை வாயில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டார் ஃப்ரூட் என்று விற்கும் நட்சத்திரப் பழத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சு சிறுநீரகம் பழுதானவருக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்துவிடும்.

காய்கறியில் பொட்டாசியத்தைக் குறைக்கும் வழி நம் கையில் இருக்கிறது. சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிக்க வேண்டும். ஆவியில் வேகவைத்தாலோ குக்கரில் வைத்தாலோ பொட்டாசியம் உள்ளேயே இருக்கும். சோற்றையும் பானையில் பொங்கிக் கஞ்சி வடிப்பதே மேல். சுரை, புடலை, பீர்க்கு, கோவைக்காய், முட்டைக்கோஸ் இவற்றில் இயல்பாகவே பொட்டாசியம் குறைவு. கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி, புளி ஆகியவற்றில் அதிகம்.

ஆனால் பொட்டாசியம் உணவிலிருந்து மட்டும் ஏறுவதில்லை. பட்டினி கிடந்தாலும் ஏறும். வயிறு காய்ந்தால் இன்சுலின் குறையும், செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வரும், தசை கரைந்தாலும் அதிலிருந்து வரும். கிருத்திகை, சஷ்டி என்று நாள் முழுக்க விரதம் இருக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இது தெரிய வேண்டும். மலச்சிக்கலும் ஏற்றிவிடும். சிறுநீர் போகாதவருக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு மலத்தோடுதான் வெளியேறுகிறது.

உப்பு முந்தி, தண்ணீர் பிந்தி

தண்ணீரைக் குறை என்று மட்டும் சொல்வது கொடுமை. உப்பைக் குறைக்காதவரால் தண்ணீரைக் குறைக்கவே முடியாது. உடம்பில் சேரும் ஒவ்வொரு 8 கிராம் உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டு வாங்கிவிடும். தாகம் மூளையிலிருந்து வருவது, மன உறுதியால் அதை நெடுநேரம் அடக்க முடியாது. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, சுமார் 5 கிராம், அவ்வளவுதான் அளவு. கருவாட்டை ஊறவைத்து அலசினால் உப்பு குறையும், போகாது. ஊறுகாய், அப்பளம், வற்றல், பேக்கரி ரொட்டி, ஹோட்டல் சாம்பார் எல்லாம் அந்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். இந்துப்பு உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று வாங்குகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் கிடைப்பது அதைவிட ஆபத்து, சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் குளோரைடைக் கலந்திருப்பார்கள்.

கடலூர் முதுநகரிலோ வீராம்பட்டினத்திலோ மீன் குழம்பு இல்லாமல் ஒரு வீட்டை நடத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். காலையில் அந்த ஒரு தேக்கரண்டி உப்பைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து தனியே வைத்துவிட வேண்டும், அவருக்கு அன்றைக்கு அதுதான். குழம்பில் புளியையும் தக்காளியையும் பாதியாக்கி, மிளகு, பூண்டு, சோம்பு, கறிவேப்பிலையால் ருசி கூட்டலாம். குழம்பில் உப்புப் போடும் முன்பே அவருக்கான இரண்டு துண்டு மீனைத் தனிச் சட்டியில் எடுத்து, கிண்ணத்து உப்பிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்கவிட வேண்டும். தட்டில் வைக்கும்போது துண்டோடு ஒட்டி வரும் குழம்பு மட்டும் போதும், சோற்றின் மேல் ஊற்ற வேண்டாம். மீனின் புரதம் முழுதாக வந்துவிடும், புளியும் தண்ணீரும் சட்டியிலேயே நின்றுவிடும். மீன் தடைக் காலத்தில் இந்தத் துண்டின் இடத்துக்கு முட்டையோ கோழியோ வர வேண்டும், கருவாடு வரக்கூடாது.

தண்ணீர் அளவு, முந்தைய நாள் போன சிறுநீரோடு அரை லிட்டரோ சற்று அதிகமோ சேர்த்தது. காபி, ரசம், மோர், கஞ்சி, நீராகாரம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை ஏற்றம் ட்ரை வெயிட்டில் 4 சதவீதத்துக்குள், 48 கிலோ மனிதருக்கு இரண்டு கிலோவுக்குள் இருந்தால் நல்லது. மே மாதப் புழுக்கத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாய் கொப்பளித்துத் துப்புவது, ஒரு ஐஸ் கட்டியைச் சப்புவது, சின்ன டம்ளருக்கு மாறுவது எல்லாம் உதவும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் இவை எதுவும் உதவாது, முதலில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும்.

வயிற்றில் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் சிஏபிடி முறையில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. நாள்தோறும் நடப்பதால் பொட்டாசியம் அவ்வளவு ஏறாது, பழங்களில் கூடுதல் சுதந்திரம் உண்டு. ஆனால் வயிற்றுத் திரவத்தோடு தினம் 5 முதல் 15 கிராம் வரை புரதம் போய்விடும், திரவத்தில் உள்ள குளுக்கோஸ் பசியை மந்தமாக்கும். அவர்கள் முட்டையை இன்னும் கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும்.

அரசு என்ன செய்யலாம்

2016-17 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ள முடிகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சிஏபிடி பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இவையெல்லாம் உயிர் காத்த திட்டங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெஷினுக்குப் பணம் கொடுக்கும் தேசியத் திட்டம், அந்த மெஷின் எடுத்துக்கொண்டுபோகும் புரதத்தைத் திருப்பிக் கொடுக்க எதுவும் தருவதில்லை. காசநோயாளிகளுக்கு 2018-லிருந்து சத்துணவுக்கென்றே மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்த மத்திய அரசு, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. மருந்தோடு உணவும் வேண்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஆந்திராவில் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு 2019 முதல் மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம் கிடைக்கிறது. வேலைக்குப் போக முடியாமல், வாரம் மூன்று நாள் பஸ்சுக்கும் செலவழித்துவிட்டு, மீன் வாங்கக் கையில் காசில்லாத நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் அது போன்ற ஒன்று வேண்டும்.

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. பள்ளிச் சத்துணவுக்கு முட்டை கொள்முதல் செய்யும் ஏற்பாடு தமிழ்நாட்டில் பல காலமாக நடக்கிறது. அதே வழியில் ஒவ்வொரு அரசு டயாலிசிஸ் அறைக்கும் முட்டை வாங்கி, கட்டிலில் இருக்கும்போதே அவித்துக் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை அல்புமின், பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளை எடுத்துக்கொண்டு உணவு ஆலோசகர் கட்டிலருகே வரலாம், நோயாளி நான்கு மணி நேரம் அங்கேதான் படுத்திருக்கப் போகிறார். வீட்டில் சமைப்பவர் பெரும்பாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரையும் உள்ளே கூப்பிட்டு, பழைய சீட்டை வாங்கிக்கொண்டு, எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று புதுச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.